ஆய்ந்த காயில் என்ன குறை? கொழும்பு வீட்டுத்தோட்ட அறுவடைக் கோளாறுகளும் திருத்தமும்

விதை முளைத்தது, பூ வந்தது, காயும் காய்த்துவிட்டது. ஆய்ந்து கொண்டுவந்து குசினியில் வைத்தால்தான் குறை தெரிகிறது. ஒன்று நார், ஒன்று கசப்பு, ஒன்றில் பூஞ்சணம், ஒன்று இரண்டே நாளில் கறுப்பு. பயிர் வளர்ப்பதைப் பற்றிச் சொல்லப் பக்கத்து வீட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆயும் நேரத்தில் செய்கிற பிழைகளைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதனால் குறையை முதலில் வைத்து, காரணத்தைப் பின்னால் தேடுகிற மாதிரி இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம்.

என் தோட்டம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், மொட்டைமாடியில் முப்பது நாற்பது உரப்பை. 2022 இல் மரக்கறி விலை ஏறி, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்ன காலத்தில் தொடங்கியது. எனக்கு அந்த லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தோட்டம். என் கோளாறுகளில் பாதி அந்த ஞாயிற்றுக்கிழமையால் வந்தவை என்று பிறகுதான் விளங்கியது.

எந்தக் குறை என்றாலும் முதலில் இரண்டு கேள்வி. பூத்து எத்தனை நாளில் ஆய்ந்தீர்கள்? ஆயும்போது காய் ஈரமாக இருந்ததா? கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை. மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் அதிகம். மழை இல்லாத நாளிலும் கடற்காற்றில் ஈரம் இருக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் வேலை செய்த கைப்பழக்கம் இங்கே அப்படியே சரிவராது.

வெண்டிக்காய் முறியவில்லை, வளைகிறது

நுனியை விரலால் ஒடித்துப் பாருங்கள். டக்கென்று முறிந்தால் பிஞ்சு. வளைந்து, வெள்ளை நார் தெரிந்தால் முற்றியது. இதில் சமையலால் திருத்த ஒன்றுமில்லை, எவ்வளவு அவித்தாலும் நார் நார்தான்.

காரணம் நாள் கணக்கு. வெண்டி பூத்து 4 முதல் 6 நாளில் ஆய வேண்டும். ஞாயிறு ஆய்ந்துவிட்டு அடுத்த ஞாயிறு போனால் 7 நாள். அன்றைக்கு விரலளவு இருந்து, "சரி, இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று விட்டுவிட்டு வந்த காய்கள்தான் அடுத்த கிழமை தோல் செருப்பு மாதிரி நிற்கும். ஊரில், யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இருக்கும் மாமாவிடம் போனில் முறையிட்டேன். "உங்கட கொழும்புக்குத்தானே ஞாயிறு லீவு, வெண்டிக்கு என்ன லீவு தம்பி?" என்றார். அவ்வளவுதான் அவருடைய ஆலோசனை.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயுங்கள். வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் போதும். முற்றியதைக் கறிக்கு ஆகாதென்று மரத்திலேயே விடக்கூடாது. விதை முற்றும் காய் செடியில் இருந்தால் செடி புதிய பூவைக் குறைத்துவிடும். விதைக்கு ஒரு செடியில் ஒன்றிரண்டை விட்டு மற்றதை வெட்டி எறியுங்கள். கத்தியோ கத்தரிக்கோலோ வேண்டும். கையால் இழுத்தால் தண்டுப் பட்டை கிழியும், வெண்டிச் சுணை முழங்கைவரை அரிக்கும். நீளக்கை சட்டை போட்டால் நல்லது.

கிழமை நாளில் நேரமே இல்லையென்றால் வெண்டியை விட்டுவிட்டு, காத்திருக்கும் பயிரை வையுங்கள். பூசணி, மரவள்ளி, கறிவேப்பிலை எல்லாம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கும். வெண்டி, பயற்றங்காய், பாவல் மூன்றும் காத்திராது.

பயற்றங்காய் முதல் தடவை நிறைய, பிறகு ஒன்றுமில்லை

இது எனக்கு இரண்டு போகம் பிடிபடவில்லை. பசளை போட்டேன், சாம்பல் போட்டேன். பிறகு மாமி வந்து நான் ஆய்வதைப் பார்த்தபோதுதான் கோளாறு வெளிவந்தது. நான் இரட்டைக் காயையும் சேர்த்துப் பிடித்து, காம்போடு ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காயைப் பிடித்து அது தொங்கும் இடத்தைக் கிட்டப் பாருங்கள். கொடியிலிருந்து ஈர்க்கு மாதிரி ஒரு நீளக் காம்பு வரும். அதன் நுனியில் ஒரு சின்ன முண்டு. காய் அந்த முண்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். முண்டின் உச்சியில் கடுகு அளவில் இன்னும் சில பச்சை மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த காய் அந்த மொட்டிலிருந்துதான் வரும். காம்போடு பிடுங்கினால் அடுத்த அறுவடையையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடும்.

ஒரு கையால் முண்டைப் பிடித்து, மற்றக் கையால் காயின் தலையைச் சற்றுத் திருகினால் காய் மட்டும் கழன்று வரும். நேரம் கூடப் பிடிக்கும், பரவாயில்லை. காய்க்குள் விதை புடைத்துத் தெரியுமுன் ஆயுங்கள். விதை புடைத்ததை உரித்துப் பயறாகக் கறிவைக்கலாம், அதன் தோல் சவசவ என்றிருக்கும்.

கத்தரிக்காய் கசக்கிறது

தோலின் மினுக்கம் போய் மங்கியிருந்தால் முற்றிவிட்டது. பெருவிரலால் அழுத்துங்கள். பள்ளம் திரும்பி எழும்பினால் சரியான பருவம். பள்ளம் அப்படியே நின்றால் தாமதம். வெட்டிப் பார்த்தால் விதை மண்ணிறமாக இருக்கும். பெரிதாகட்டும் என்ற ஆசைதான் காரணம். தலையிலுள்ள பச்சைத் தொப்பியும் கொஞ்சம் காம்பும் சேர்த்து வெட்டி எடுங்கள், திருகி எடுத்தால் கிளை முறியும்.

பாவற்காய் காலையில் பச்சை, அடுத்த நாள் மஞ்சள்

காயை எங்கே வைத்தீர்கள்? எங்கள் வீட்டில் வாழைப்பழச் சீப்பு தொங்கும் கொளுக்கிக்குக் கீழேதான் மரக்கறிக் கூடை. பழுக்கும் வாழையிலிருந்து எத்திலீன் வாயு வரும். பாவல் அதற்குச் சட்டென்று மஞ்சளாகும். கூடையை இடம் மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மிச்சப் பாதி, நான் தாமதமாக ஆய்ந்தது. பூத்து ஏறக்குறைய இரண்டு கிழமையில், முள் இன்னும் நெருக்கமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். காய் ஒரு பக்கம் சூம்பி வளைந்திருந்தால் பழ ஈ குத்தியிருக்கிறது. அடுத்த காய்க்குப் பிஞ்சிலேயே பேப்பர் உறை கட்டுங்கள்.

தக்காளி செம்மஞ்சளோடு நின்றுவிட்டது, சிவக்கவில்லை

இதற்கு நீங்கள் குற்றவாளி இல்லை, கொழும்பு வெயில்தான். தக்காளிக்குச் சிவப்பு கொடுக்கும் லைக்கோப்பீன் 30 பாகை செல்சியசுக்கு மேல் சரியாக உண்டாகாது. மஞ்சள் நிறப்பொருள் மட்டும் உண்டாகும். மொட்டைமாடியில் மத்தியானம் கொங்கிறீட்டின் சூடும் சேர்ந்து அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். அடியில் வெளிறி, இளஞ்சிவப்புக் கீறல் தெரிந்த உடனே ஆய்ந்து, வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். நாலைந்து நாளில் சிவக்கும். மழைக்குப் பிறகு பழம் வெடிப்பதற்கும் இதே மருந்துதான்: மழை இருட்டிக்கொண்டு வந்தால் நிறம் மாறியதையெல்லாம் ஆய்ந்துவிடுங்கள். பிரிட்ஜில் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்று பார்க்க வேண்டாம், ருசி போய்விடும்.

மாம்பழம்: தோலில் கறுப்பு

கறுப்பு எல்லாம் ஒன்றல்ல. எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும்.

காம்படியிலிருந்து கீழே கண்ணீர் வடிந்த மாதிரிக் கறுத்திருந்தால் அது பால் சுட்டது. மாங்காய்க் காம்பை ஒட்ட முறித்த கணத்தில் உள்ளே அமுங்கியிருந்த பால் பீய்ச்சும். அது பட்ட தோல் கருகும். நம் கையும் கருகும். கொக்கத்தடியால் இழுத்து நிலத்தில் விழுத்தினால் பாலும் படும், உள்ளுக்கு அடியும் படும். கொக்கைக்குக் கீழே வலைப்பை கட்டுங்கள். காய் விரலளவு காம்போடு பைக்குள் விழ வேண்டும். பிறகு கீழே வந்து காம்பை ஒட்ட நறுக்கி, காயைத் தலைகீழாகப் பலகைச் சட்டத்திலோ கம்பி வலையிலோ ஒரு மணித்தியாலம் வையுங்கள். பால் தோலில் படாமல் வடிந்துவிடும்.

ஆயும்போது துப்பரவாக இருந்து, பழுக்கப் பழுக்கப் புள்ளி தோன்றிப் பள்ளமாகப் பெருகினால் அது பூஞ்சண நோய், அந்திரக்னோசு. பூவும் பிஞ்சுமாக இருந்த காலத்தில் மழையோடு வந்து தோலுக்குள் பதுங்கியிருந்தது, இப்போது வெளியே வருகிறது. ஆய்ந்த அன்றே 52 பாகைச் சுடுதண்ணீரில் 5 நிமிடம் வைத்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரு பங்கு கொதிதண்ணீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். ஆனால் மாங்காய் போட்டதும் இறங்கும் என்பதால் வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர் விடவேண்டும். 55 ஐத் தாண்டினால் தோல் வெந்து போகும். எடுத்துத் துடைத்து, ஆறவிட்டு அடுக்குங்கள். நான் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் போட்டு அதை உடைத்தவன். சமையலுக்கு விற்கிறது வேறு.

கறுப்பில்லை, ஆனால் தோல் சுருங்கிப் புளிக்கிறது என்றால் முற்றாத காயை ஆய்ந்திருக்கிறீர்கள். நிறத்தை நம்பிப் பயனில்லை. காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, காம்பு பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றினது தாழும், முற்றாதது மிதக்கும். பெயரில் கொழும்பான் இருந்தாலும் கறுத்தக்கொழும்பான் மாங்காயை ஊரிலிருந்துதான் பெட்டி கட்டி வரவழைக்கிறோம். அந்தப் பெட்டி வந்ததும் இதே வாளிச் சோதனையைச் செய்து பாருங்கள், அனுப்பினவர் அவசரப்பட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வெட்டினால் புழு என்றால் பழ ஈ. இந்த வருடத்துக்கு மருந்து இல்லை. விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கறுப்புச் சொப்பிங் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். மண்ணில் விட்டால் புழு மண்ணுக்குள் கூடு கட்டி அடுத்த பழத்துக்கு ஈயாக வரும்.

வாழைக்குலை: ஒரே நாளில் எல்லாம் பழம், அல்லது தோல் வெடிப்பு

குலையை மரத்திலேயே பழுக்கவிட்டால் இந்த இரண்டும் நடக்கும், அணிலும் காகமும் முதல் சீப்பை முடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். காயின் விளிம்பு கூராக இருக்கும்வரை பொறுங்கள். விளிம்பு மழுங்கி உருண்டு, நுனிப் பூ காய்ந்து உதிர்ந்தால் வெட்டலாம். தனியே வெட்டக்கூடாது. ஒருவர் குலையைத் தோளில் தாங்க, மற்றவர் மரத்தை இடுப்பளவில் அரைவாசி கொத்தினால் மரம் மெதுவாகச் சாயும். பிறகு தண்டை வெட்டலாம். பால் பட்ட சேட்டு எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது.

சீப்புச் சீப்பாகப் பிரித்து, ஒன்றைப் பழுத்த பழத்தோடு பேப்பரில் சுற்றியும் மற்றதைக் காற்றாடத் தொங்கவிட்டும் வைத்தால் பத்து நாளுக்குப் பழம் முறையாக வரும். ஊரில் குழி வெட்டிப் புகை போடுவார்கள். வெள்ளவத்தையில் புகை போட்டால் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து தீயணைப்புக்குப் போன் போகும். காபைட் கல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வருவது அசெற்றலீன் வாயு. கல்லில் ஆர்செனிக் கலந்திருக்கக்கூடும். பழம் நிறம் மாறுமே தவிர இனிக்காது.

பப்பாசி இனிப்பில்லை

பச்சையாக ஆய்ந்தது. நுனியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தபின் எடுங்கள். அடைமழைக் கிழமையில் எடுத்ததும் சப்பென்றிருக்கும், அதற்குக் கறி வைப்பதுதான் வழி.

கறிவேப்பிலையும் கீரையும் பிரிட்ஜில் கறுக்கின்றன

கழுவி வைத்திருக்கிறீர்கள். கழுவாமல், ஈரமிருந்தால் துணியில் ஒற்றி, பேப்பர் விரித்த டப்பாவில் வையுங்கள். கழுவுவது சமைக்கும் நேரத்தில். காலி வீதித் தூசு இலையில் படிந்திருப்பதால் அப்போது மூன்று தண்ணீரில் அலச வேண்டும். கறிவேப்பிலையை இலை இலையாக உருவாதீர்கள். நுனிக் கொப்போடு வெட்டினால் அந்த இடத்தில் இரண்டாகக் கிளைக்கும். பொன்னாங்காணி, கங்குன் இரண்டையும் விடிய 7 மணிக்குள், நிலத்திலிருந்து நாலு விரல் விட்டு அறுங்கள். வெயில் ஏறி அறுத்த கீரை குசினிக்கு வருமுன் தலை தொங்கிவிடும்.

செத்தலுக்குப் போட்ட மிளகாயில் பூஞ்சணம்

கொழும்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. காம்படியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி, அல்லது உடைத்தால் உள்ளே விதையைச் சுற்றி. பார்த்தால் எறிந்துவிடுங்கள். துடைத்து, வறுத்து, தூளாக்கினால் சரி என்று நினைக்க வேண்டாம். சில பூஞ்சணங்கள் விடும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு சமையல் சூட்டில் அழியாது.

காரணத்தை மூன்று இடத்தில் தேடுங்கள். முதலாவது மாதம். ஜனவரி, பெப்ரவரியில்தான் இங்கே தொடர் வெயில் கிடைக்கும். மே, ஜூனில் செத்தல் போடுவது மழையோடு வழக்குப் பேசுவது. இரண்டாவது பழத்தின் பருவம். முழுதாகச் சிவக்காததைப் போட்டால் வெள்ளையாகக் காயும். ஆய்ந்து ஒரு நாள் நிழலில் பரப்பி, நிறம் ஒத்து வந்தபின் வெயிலில் போடுங்கள். மூன்றாவது, நான் தவறியது, மாலை நேரம். பகலெல்லாம் காய்ந்ததை இருட்டும்வரை மொட்டைமாடியில் விட்டால் கடற்காற்றின் ஈரத்தை அது திரும்பக் குடித்துவிடும். 4 மணிக்கே எடுத்து, சூடு ஆறியபின் மூடி வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்க்கும், அந்தத் துளி போதும்.

காம்பு சடக்கென்று முறிந்து, குலுக்கினால் விதை கலகலத்தால் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ செத்தலுக்கு மூன்று நாலு கிலோ பழம் வேண்டும் என்பதால் உரப்பை மிளகாய்க்கு இவ்வளவு பாடு தேவையா என்று யோசியுங்கள். நான் இப்போது பழத்தைக் கழுவி, துடைத்து, முழுதாக உறைபெட்டியில் போட்டுவிடுகிறேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் காயப்போடலாம் என்று ஒருவர் சொல்லிச் செய்தும் பார்த்தேன். மிளகாய் நன்றாகக் காய்ந்தது. அடுத்த பத்து நாள் அலுவலகம் போகும் வழியெல்லாம் தும்மல்.

மரவள்ளியில் நீலக் கோடு

கிழங்கைக் கிண்டி இரண்டு மூன்று நாள் வைத்திருந்திருக்கிறீர்கள். கிண்டும்போது பட்ட காயத்திலிருந்து அந்தக் கோடு தொடங்கும். அன்றைக்குச் சமைக்கிற அளவுக்கு மட்டும் கிண்டுங்கள், மிச்சம் மண்ணில் இருக்கட்டும். முழு மரத்தையும் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு கிழமைக்கு முன்பே தலையை வெட்டிவிட்டால் கிழங்கு கூட நாள் தாங்கும். எஞ்சியதைத் தோலுரித்து உறைபெட்டியில் வைக்கலாம். அவிக்கும்போது மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரை வடித்து ஊற்றுங்கள். மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்பது மாமியின் நம்பிக்கை. அவ மரவள்ளி அவிக்கிற நாளில் வீட்டில் இஞ்சிப் பிளேன்ரீ கிடையாது, கேட்டாலும் தரமாட்டா.

மஞ்சள் உள்ளே வெளிறியிருக்கிறது

மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து 2020 இல் விலை எகிறியபோது கொழும்பில் பாதி வீட்டு உரப்பையில் மஞ்சள் இருந்தது. பாதிப் பேர் ஆறாம் மாதமே கிண்டிப் பார்த்தார்கள். 8, 9 மாதம் போய், இலை தானாக மஞ்சளாகிச் சாய்ந்தபின் கிண்டுங்கள். அவித்துத்தான் காயப்போட வேண்டும்.

செவ்விளநீர் வெட்டினால் தண்ணீர் இல்லை

மரத்திலிருந்து விழுத்தியிருக்கிறார்கள். தேங்காயை விழுத்தலாம், இளநீர்க் குலையைக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். உள்ளே கீறல் விழுந்தால் வெளியில் தெரியாது, தண்ணீர் கசிந்து, மிச்சம் புளித்துவிடும். மரம் ஏறுபவர் அவசரக்காரர், ஒரு நாளில் பத்து வீடு பார்க்க வேண்டியவர். கயிறு உங்களிடம் இருந்தால் அவர் கட்டுவார், இல்லாவிட்டால் விழுத்துவார். கயிற்றை முதல்நாளே எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக் காரையும் நகர்த்தச் சொல்லுங்கள்.

அறுவடை முடிந்த கிழமை நுளம்பு கூடிவிட்டது

கொண்டுபோன வாளி, மாங்காய் சோதித்த பேசின், வெற்று உரப்பையின் மடிப்பு, குடித்த இளநீர்க் கோம்பை, வெட்டிய வாழைத்தண்டின் நடுக்குழி. ஒரு மழை போதும், எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். டெங்கு நுளம்புக்கு அந்த அளவு தாராளம். சுகாதாரப் பரிசோதகர் எங்கள் ஒழுங்கைக்கு வந்த அன்று, தோட்டம் முழுக்கப் பார்த்துவிட்டு, கடைசியில் மாடிப்படிக்குக் கீழே கிடந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றைத்தான் காலால் தட்டினார். அதில் இரண்டு விரல் தண்ணீர், அதற்குள் புழு துள்ளிக்கொண்டிருந்தது. இப்போது ஞாயிறு மாலை, ஆய்ந்ததைக் குசினியில் வைத்தவுடன் திரும்பிப் போய் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுத்தான் கைகழுவுகிறேன்.